தண்ணீர் வரைந்த தோட்டம்

நுழையும்முன்

வீடு கட்டுவோர் அறைகளின் எண்ணிக்கையை முதலில் எண்ணுகின்றனர். கட்டி முடித்தபின் எஞ்சும் மண்ணை என்ன செய்வது என்பதை இறுதியில்தான் எண்ணுகின்றனர். அந்த எஞ்சிய மண்ணைப் பற்றியது இக்கட்டுரை. ஆற்றையும் வாய்க்காலையும் குளத்தையும் இணைத்துப் பள்ளத்தாக்கு ஒன்றையே தோட்டமாக்கிய மக்களின் அறிவு, நகரத்து வீட்டின் ஐந்து சென்ட் மனைக்குள் எவ்வாறு பயன்பட முடியும் என்பதை இது காட்டுகிறது.

சிமெண்டா, மண்ணா?

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. மனை ஐந்து சென்ட். அதாவது 2178 சதுர அடி. வீடு 1200 சதுர அடியில் அமைந்திருக்கிறது. வண்டி நிறுத்தும் இடமும் நடைபாதையும் போக, மேற்கே கொல்லைப்புறமாக ஒரு துண்டும் வடக்கே நீண்ட பட்டையாக ஒரு துண்டும் எஞ்சியுள்ளன. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்றேகால் சென்ட் நிலம். வடகிழக்கு மூலையில் ஒரு பழைய உறைகிணறு. அதில் தண்ணீர் இறங்கிப் பல ஆண்டுகள் ஆயின. வாயைக் கற்பலகையால் மூடி, அதன்மேல் உடைந்த தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தனர்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்தது. தாமிரபரணி கரைகடந்து வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், நெல்லைச் சந்திப்பு ஆகிய பகுதிகளுக்குள் புகுந்தது. இந்த வீடு சற்று மேட்டில் இருந்ததால் ஆறு உள்ளே வரவில்லை. ஆயினும் தெருவில் தேங்கிய மழைநீர் வீட்டைச் சுற்றிச் சகதியாக்கிவிட்டது. சகதி காய்ந்தபின் வீட்டுத்தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார்: எஞ்சிய மண் முழுவதையும் சிமெண்டால் மூடிவிட வேண்டும். அடுத்த ஆவணி மாதத்தில் கொத்தனார் வந்து அளந்தும் சென்றார்.

அவர் கூறிய காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. "எம்மா, மழை பெய்ஞ்சா வாசல் வரைக்கும் சகதி. காத்தடிச்சா வீடு பூரா புழுதி. பெருக்கிப் பெருக்கி இவளுக்கு இடுப்பு ஒடியுது" என்று அவர் தம் தாயிடம் சொன்னார். பாம்பு வந்துவிடும் என்னும் அச்சமும் அவருக்கு இருந்தது.

அந்தத் தாய், பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி, சேரன்மகாதேவிப் பக்கத்து ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் மகனை மறுத்துப் பேசவில்லை. "மூடணும்னா மூடுய்யா. ஐப்பசி மழை ஒண்ணு பெய்யட்டும். தண்ணி எங்கன போகுதுன்னு பாத்துட்டுப் பெறவு மூடலாம்லா" என்றார். ஒரு மழைக்காலம் காத்திருப்பது என்று முடிவாயிற்று.

ஆற்றங்கரை வீடுகள்

ஆச்சியின் கேள்வி அவர் பிறந்த ஊரின் வீடுகள் கற்றுக்கொடுத்தது. நெல்லைப் பகுதியின் பழைய வீடுகள் தெருவிலிருந்து பின்நோக்கி நீண்டவை. முகப்பில் தார்சா, அதனைக் கடந்து பட்டாசால், அதன்பின் அடுக்களை, இறுதியில் புறவாசல் என அவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். அடுக்களையை ஒட்டிப் பாத்திரம் கழுவும் அங்கணக்குழி இருக்கும். அங்கிருந்து வெளியேறும் நீர் புறவாசலில் வாழைக்கும் சேம்புக்கும் செல்லும். கிணற்றடியில் குளித்த நீர் தென்னைக்குப் போகும். அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பயன்பட்ட நீர் ஒவ்வொன்றுக்கும் அடுத்த வேலை ஒன்று காத்திருந்தது.

அவ்வீடுகளின் தோட்டத்தை வரைபடம் போட்டு எவரும் அமைக்கவில்லை. தண்ணீர் விழும் இடத்தில் வாழை நின்றது. ஈரம் குறைந்த இடத்தில் முருங்கை நின்றது. ஆள் நடமாடும் வழியில் கறிவேப்பிலையும் துளசியும் நின்றன. தண்ணீர் எவ்வளவு தொலைவு சென்றதோ அவ்வளவு தொலைவுக்குத் தோட்டமும் சென்றது.

எனினும், அந்தக் காலத்தைக் குறையற்றது என்று கருதிவிடுதல் ஆகாது. கிணறும் புறவாசலும் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. நிலமுடையோரின் வீடுகளில் தோட்டம் இருந்தது. அத்தோட்டத்தில் உழைத்த பலருக்குத் தங்கள் குடிசையைச் சுற்றி ஒரு செடி வைக்கவும் இடமில்லை. நெல்லை நகரத்தின் 'வளவு'களில் ஒரே வாயிலுக்குள் பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. ஒரு கிணற்றடியையும் ஒரு முருங்கையையும் பலர் பகிர்ந்துகொண்டனர். நீர் இறைத்தவர்களும் புறவாசலைப் பெருக்கியவர்களும் பெரும்பாலும் பெண்களே. பழைய வீட்டிலிருந்து இன்றைய வீடு எடுத்துக்கொள்ள வேண்டியது நீரை மதித்த அறிவை. அந்த ஏற்றத்தாழ்வையும் உழைப்புச் சுமையையும் அன்று.

பள்ளத்தாக்கு என்னும் பெருந்தோட்டம்

வீட்டின் இந்த ஒழுங்கு ஆற்றின் ஒழுங்கிலிருந்து வந்தது. பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலைச் சேரும் ஆறு. பழந்தமிழர் இதனைப் பொருநை என்றனர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இதற்கு நீர் தருகின்றன. இப்பள்ளத்தாக்கின் நெல் மிகப் பழமையானது. சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டிருப்பது 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவற்றின் பெயர்கள். இறுதியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்டது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை.

இவை நீரை முழுவதுமாகத் தடுத்து நிறுத்தும் பேரணைகள் அல்ல. ஆற்றுநீரைச் சற்றே உயர்த்திப் பக்கத்து வாய்க்காலுக்குள் திருப்புகின்றன. மிஞ்சியது அணைக்கட்டின் மேலேறி வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குச் செல்கிறது. வாய்க்கால் நீர் குளத்தை நிரப்புகிறது. குளத்து நீர் வயலுக்குப் பாய்கிறது. வயலில் வடிந்த நீர் கீழேயுள்ள குளத்திற்கோ ஆற்றிற்கோ திரும்புகிறது. மேலிருப்பவர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கீழிருப்பவருக்கு விட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே.

நெல்லை நகரமும் இந்த ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் நகருக்குள் வந்து நயினார் குளத்தைச் சேர்கிறது. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டுச் செல்கிறது. வயலுக்கென வெட்டப்பட்ட இவ்வாய்க்கால்களின் கரைகளில் இன்று வீடுகள் நிற்கின்றன. வயல் வீடானபோது, தண்ணீரை உள்வாங்கிய மண் தண்ணீரைத் தள்ளிவிடும் தளமானது. மழை வந்தவுடன் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்பதும், மழை நின்ற சில மாதங்களில் ஆழ்துளைக் கிணறு காற்றை உமிழ்வதும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள்.

மழை வரைந்த வரைபடம்

ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு பிற்பகலில் பெய்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியை ஆச்சி அழைத்தார். "ஏளா, குடையை எடுத்துக்கிட்டு வா. தண்ணி நடக்கத பாப்போம்" என்றார். இருவரும் வீட்டைச் சுற்றி வந்தனர். மழை ஓய்ந்ததும் பேத்தி கோலப்பொடியை எடுத்துவந்து நீர் ஓடிய தடங்களின்மேல் கோடு இட்டாள். நீர் தேங்கிய இடங்களில் வட்டமிட்டாள். மேல்தளத்திலிருந்து குழாய்நீர் கொட்டிய இடங்களில் செங்கல் துண்டை வைத்தாள்.

அந்தக் கோடுகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. மனை தென்மேற்கில் உயர்ந்தும் வடகிழக்கில் தாழ்ந்தும் இருந்தது. கொல்லையில் விழுந்த மழை, வடக்குப் பட்டை வழியாக ஓடி, மூடிக் கிடந்த கிணற்றைச் சுற்றிக்கொண்டு, வாயில் வழியே தெருவுக்குப் போயிற்று. மேல்தளத்து நீர் நான்கு குழாய்களில் இறங்கி அதே வழியில் சேர்ந்தது. கிணறு நீர் போகும் வழியிலேயே இருந்தும் அதற்கு ஒரு துளியும் கிட்டவில்லை.

பேத்தி கணக்கும் போட்டுப் பார்த்தாள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். 1200 சதுர அடி என்பது ஏறத்தாழ 111 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கே அத்தளத்தின்மீது 1100 லிட்டர் நீர் விழுகிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மின்விசையால் மேலேற்றும் நீரைப் போன்றதொரு பங்கு, ஒரு மணிப்பொழுது மழையில் வாயில்வழியே தெருவுக்குச் சென்றுகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. இந்த வீட்டிலும் ஒரு குழாயும் ஒரு குழியும் இருந்தன. குழியில் மண் மூடிப் புல் முளைத்திருந்தது. அமைப்பு இருந்தது, அதைப் பார்ப்பவர்தான் இல்லை.

அன்று மாலை தந்தை வீடு திரும்பியபோது கோலப்பொடிக் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன. அவர் கோடுகளின் வழியே நடந்து கிணற்றடியில் நின்றார். "இவ்வளவு தண்ணியுமா வெளிய போகுது?" என்று மகளிடம் கேட்டார். தளம் போடும் பேச்சு அன்று எழவில்லை.

வெயிலும் காற்றும்

நீரின் வழி தெரிந்தபின் வெயிலின் வழியை அறிய வேண்டும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு நேராக நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது சற்று வடக்கே சாய்ந்திருக்கும். ஏனைய மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பட்டையில் வெயிலே விழாது என்று அக்குடும்பத்தார் எண்ணியிருந்தனர். கோடையில் அங்கும் வெயில் உண்டு; கார்த்திகை, மார்கழியில்தான் வீட்டின் நிழல் அதை மூடும். எனவே அங்கே நிழல் தாங்கும் மஞ்சளும் சேம்பும் வைக்கலாம். வெயில் விரும்பும் மல்லிகையை வைத்தல் ஆகாது.

அடுத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் காற்று, மழையை மலையின் மேற்கே இறக்கிவிட்டு, வறண்ட வேகத்துடன் நெல்லைச் சமவெளியில் வீசும். குற்றாலத்தில் சாரலாய் இருக்கும் அதே பருவம் பாளையங்கோட்டையில் புழுதியாய் இருக்கும். வாழையிலை கிழியும், முருங்கைக்கிளை முறியும். ஆகையால் மேற்கு மதிலை ஒட்டி மருதாணியும் செம்பருத்தியும் நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைப்பது நல்லது. அது காற்றின் வேகத்தைக் குறைக்கும், புழுதியை வடிகட்டும், பிற்பகல் வெயிலில் சுவர் கொதிப்பதையும் தணிக்கும். முருங்கையைக் கூரைக்கும் மின்கம்பிக்கும் விலக்கி நட வேண்டும்.

வீட்டுத்தலைவர் முறையிட்ட புழுதிக்கும் இதிலேயே விடை இருந்தது. புழுதி எழுவது வெறும் மண்ணிலிருந்து. சருகு மூடிய மண்ணும் செடி மூடிய மண்ணும் புழுதியை எழுப்புவதில்லை.

எதை நடுவது?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கியுள்ளார். ஒரு மலைநிலத்துக்கு அப்பட்டியல் பொருந்தும். ஒன்றேகால் சென்டுக்குப் பொருந்தாது. சிறு தோட்டத்தை அமைப்பவர் கற்க வேண்டிய முதற்பாடம், விரும்பும் செடிகளுள் பலவற்றை விட்டுவிடுவதே.

ஆச்சிக்கு அதுவே கடினமாக இருந்தது. அவர் பிறந்த வீட்டில் பதினொரு தென்னைகள் நின்றன. இங்கே மூன்றாவது வைக்க வேண்டும் என்றார். பேத்தி அளவுநாடாவைப் பிடித்துக் காட்டினாள். தென்னைக்கும் தென்னைக்கும் இடையே 25 அடி இடைவெளி வேண்டும். வடக்குப் பட்டையில் ஒன்று நட்டாலும் மட்டையும் காயும் அண்டை வீட்டுக் கூரையில் விழும். ஆச்சி நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப வேண்டாம்ளா. அடுத்த வீட்டு ஓட்டை ஒடைக்கதுக்கா தென்ன வைக்கணும்?" என்று கூறி எழுந்து போனார். தோட்டம் அமைத்தலில் இழப்பும் ஒரு பகுதி. அதனை மறைத்துவிட்டு நடப்பட்ட மரங்கள் பின்னாளில் வெட்டப்படுகின்றன.

முடிவில் பட்டியல் சிறிதாயிற்று. அடுக்களை நீர் வெளியேறும் இடத்தில் கல்வாழைப் பாத்தி. அதனைக் கடந்து வரும் நீருக்கு இரண்டு வாழை. கல்வாழையின் வேர்கள் அழுக்கு நீரின் கசடைக் குறைக்கும். கொல்லையில் ஒரு நாரத்தை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மேற்குப் பக்கம் உயிர்வேலி. அதனை ஒட்டிய சிறு பந்தலில் மழைக்காலத்தில் புடலும் அவரையும். கிழக்கு வெயில் படும் வாயிலருகே பிச்சியும் துளசியும். வடக்கே மஞ்சளும் சேம்பும். கொல்லையில் எஞ்சிய ஒரு பாத்தி, தைப்பொங்கலுக்கு நெல்லை வீடுகளில் தவறாமல் சமைக்கப்படும் சிறுகிழங்குக்கு.

பூச்சட்டிகளில் வாங்கிவரும் அயல்நாட்டு அழகுச்செடிகள் வேண்டா என்று எவரும் விலக்கவில்லை. அவற்றுக்கு வேண்டிய நீரும் பராமரிப்பும் இந்த வீட்டில் கிடைக்குமா என்னும் கேள்விக்கு விடை கிட்டவில்லை, அவ்வளவே.

இரண்டு நீர்வழிகள்

தோட்டத்தின் அமைப்பில் மிகவும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது ஒன்று உண்டு. வீட்டில் இரண்டு வகை நீர் இருக்கிறது. வானத்திலிருந்து வரும் நீர் ஒன்று. மனிதர் பயன்படுத்தி விடுவது மற்றொன்று. பயன்படுத்திய நீர் வாழைக்குப் போகலாம். கிணற்றுக்குப் போகக் கூடாது. சோப்பும் எண்ணெயும் கலந்த நீர் நிலத்தடி நீரைக் கெடுத்துவிடும். ஆகவே கல்வாழைப் பாத்தி கிணற்றிலிருந்து எட்டும் தொலைவில் இல்லாதவாறு கொல்லையின் பின்மூலையில் அமைந்தது.

மழைநீருக்கு வடக்குப் பட்டையில் ஆழமற்ற குழிகள் ஐந்து வெட்டப்பட்டன. முதற்குழி நிறைந்தால் இரண்டாம் குழிக்கு வழியும். இரண்டாவது நிறைந்தால் மூன்றாவதற்கு. ஐந்தாவது குழியில் சல்லியும் மணலும் அடுக்கி, வடிந்த நீரைக் குழாய் வழியே கிணற்றுக்குள் விட ஏற்பாடு செய்யப்பட்டது. தளத்திலிருந்து வரும் முதல் மழையின் அழுக்குநீரைத் தனியே வெளியேற்ற ஒரு திருகுகுழாயும் வைக்கப்பட்டது. மண்ணில் உறிஞ்சப்படாமல் நீர் நெடுநேரம் தேங்கினால் கொசு பெருகும் என்பதால் குழிகள் ஆழமாக வெட்டப்படவில்லை. கிணற்றின் வாய்க்குக் கம்பிவலை போடப்பட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடல்வரை எட்டு அணைக்கட்டுகள் செய்யும் வேலையை ஐந்து குழிகள் ஒரு வீட்டுச் சந்துக்குள் செய்தன. எடுத்துக்கொள், மிஞ்சியதைக் கீழே விடு.

வண்டி நிறுத்தும் இடத்திற்குக் கல் பாவப்பட்டது. வீட்டுத்தலைவரின் தேவையும் நியாயமானதே அல்லவா? ஆனால் கற்களைச் சிமெண்டால் ஒட்டாமல் மணல்மீது இடைவெளிவிட்டுப் பதித்தனர். சகதியும் இல்லை, மண்ணின் வாயும் அடைபடவில்லை. முதியவர் வழுக்கி விழாதபடி நடைவழி இரண்டரை அடி அகலத்தில் சொரசொரப்பாக அமைந்தது. கிணற்றடியில் ஆச்சி உட்கார ஒரு கல்திண்டு போடப்பட்டது.

பிற ஊர்களின் பாடம்

சிறு இடத்தில் தோட்டம் அமைக்கும் தேவை நெல்லைக்கு மட்டும் உரியதன்று. சப்பானின் கியோத்தோ நகரத்தில் குறுகி நீண்ட பழைய மரவீடுகளின் நடுவே 'சுபோனிவா' என்னும் சிறு முற்றத்தோட்டங்கள் உள்ளன. ஒரு 'சுபோ' என்பது ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர். அந்தச் சிறு திறப்பின் வழியே வீட்டுக்குள் ஒளியும் காற்றும் மழையும் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் 'வளவு' என்னும் சொல், வீட்டைச் சுற்றிய வேலியடைத்த நிலத்தைக் குறிக்கிறது. வற்றாத ஆறு இல்லாத அம்மண்ணில் கிணறே வளவின் நடுவாக இருக்கிறது. கிணற்றடி நீர் வாழைக்கும் தென்னைக்கும் பாய்கிறது. நெல்லையில் பல குடும்பங்கள் கூடிவாழும் இடத்திற்குப் பெயரான சொல், கடலுக்கு அப்பால் ஒரு குடும்பத்தின் தோட்டநிலத்திற்குப் பெயராயிற்று.

நெல்லையிலேயே திட்டமிட்ட தோட்டத்திற்கு எடுத்துக்காட்டு உண்டு. நெல்லையப்பர் கோயிலின் நந்தவனம் 1756ஆம் ஆண்டு திருவேங்கடகிருஷ்ண முதலியாரால் அமைக்கப்பட்டது. அதன் நடுவே நூறு தூண்கள் கொண்ட வசந்த மண்டபம் இருக்கிறது. கோடையின் வெம்மையில் குளிர்ச்சி தேடி மண்டபத்தைச் சோலையின் நடுவில் வைத்த எண்ணம், ஆச்சியின் கல்திண்டைக் கிணற்றடியில் வைத்த எண்ணத்தின் பெரிய வடிவம்.

வேலை யாருக்கு?

தோட்டம் உருவானபின் பழைய கேள்வி மீண்டும் வந்தது. பெருக்குவதும் நீர்விடுவதும் யார்? "தோட்டம் எல்லாருக்கும். வேலை மட்டும் எனக்கா?" என்று அவ்வீட்டின் தாய் கேட்டார். அலுவலகத்திற்குச் சென்று வரும் அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருந்தது. தோட்டங்கள் பல நீரில்லாமல் அழிவதில்லை. ஒருவர் தலையிலேயே வேலை விழுவதால் அழிகின்றன.

எனவே வேலைகளைக் குறைக்கும்படியே அமைப்பு திருத்தப்பட்டது. உதிர்ந்த இலைகளைப் பெருக்கி வெளியே கொட்ட வேண்டியதில்லை. செடியடியில் தள்ளினால் போதும். வாழைக்குத் தனியே நீர் விட வேண்டியதில்லை. உயிர்வேலியைக் கத்தரிப்பதும் குழிகளில் படிந்த வண்டலை மழைக்குமுன் வாருவதும் வீட்டுத்தலைவரின் பொறுப்பாயின. பாத்தியும் பந்தலும் பேத்தியுடையவை. பூப்பறிப்பது ஆச்சியின் வேலை. அதை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மழைக்குக் காத்திருக்கும் வீடு

இத்தகைய தோட்டம் பெருவெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று கூறுவது பொய்யாகும். 2023 டிசம்பர் மழையின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த அளவு மழை ஐந்து சென்ட் மனையொன்றின்மீது பெய்தால் 1,90,000 லிட்டருக்கு மேல் நீர் சேரும். ஐந்து குழிகளும் ஒரு கிணறும் அதனைத் தாங்கா. ஆனால் அத்தகைய மழை எப்போதோ வருவது. ஒவ்வோர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழை வேறு. அதனை ஒரு தெருவிலுள்ள வீடுகள் தத்தம் மனைக்குள் வாங்கிக்கொண்டால் அத்தெருவில் நீர் நிற்கும் நேரம் குறையும். கோடையில் அத்தெருக் கிணறுகளுக்கும் ஒரு பங்கு கிட்டும். தன் மனையை முழுவதும் மூடிய வீடு தன் பங்கு மழையைப் பள்ளத்தில் இருக்கும் வீட்டின்மேல் தள்ளுகிறது. மதிலுக்குள் இருக்கும் மண் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கலாம். அதன்மீது பெய்யும் மழையின் விளைவு தெருவுக்கே பொதுவானது.

அடுத்த சித்திரையில் கிணற்றின் கம்பிவலையை விலக்கிப் பார்த்தனர். அடியில் சிறிது நீர் நின்றது; ஒரு வாளி முழுவதும் மூழ்கும் அளவுதான். அவ்வாண்டு மழையும் குறைவில்லாமல் பெய்திருந்தது என்பதால், குழிகளின் பயன் எவ்வளவு என்று எவரும் பெருமை பேசவில்லை. ஆச்சி மட்டும் ஒரு வாளி நீரை இறைத்துப் பிச்சிக்கு ஊற்றினார்.

மீண்டும் ஐப்பசி வந்தது. ஒருநாள் நள்ளிரவில் மழை பிடித்தது. வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தனர். வாயிற்கதவு திறக்கும் ஓசை கேட்டுப் பேத்தி எழுந்து வந்து பார்த்தாள். தந்தை ஒரு கையில் குடையும் மறு கையில் கைவிளக்குமாக வடக்குப் பட்டையில் குனிந்து நின்றார்.

"என்னப்பா இந்நேரத்துல?"

"மூணாவது குழியில தண்ணி போகாம நிக்கிது ம்மா. சருகு அடைச்சிருக்கு போல. அந்த மம்பட்டிய எடு."